தோளில் ஒட்டிய எலும்பு

அருங்காட்சியகத்தில் புதைபடிவப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் 'போலீஸ்' என்று பெயர். டைனோசர் முட்டை என்று சொல்லி யாராவது பையில் எதையாவது கொண்டுவருவார்கள். பார்த்தால் ஆற்றில் உருண்ட கூழாங்கல்லாக இருக்கும். அவள் கல்லைப் பார்ப்பதைவிட அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பாள். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அவளுக்கும் தெரியும். வேலைக்கு ஏற்ற பெயர்தான் என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய தம்பி அதே ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியன். வீட்டில் அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொள்வது சின்ன வயதிலிருந்தே அவன் வழக்கம். அக்கா படித்ததையே தானும் படிக்கப் போவதாக அவன் சொன்னபோது வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அக்காவோடு சண்டை போட வசதியாக இருக்கும் என்றுதான் அவன் அந்தப் படிப்பை எடுத்தான் என்பது பிற்பாடுதான் எல்லோருக்கும் புரிந்தது.

சண்டை முழுக்கப் பறவைகளைப் பற்றியது. காக்கை அளவே உள்ள, உடம்பெல்லாம் இறகு முளைத்த சின்ன டைனோசர்கள் ஒரு காலத்தில் இருந்தன. அவற்றுக்கும் ஆதிப் பறவைகளுக்கும் என்ன உறவு என்பதில் படித்தவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அக்காவைப் பொறுத்தவரை அவை தரையில் ஓடித் திரிந்தவை. இறகு குளிருக்கும் மினுக்குவதற்கும் உதவியதே தவிரப் பறப்பதற்கு இல்லை. பறவைகளுக்கு அவை பங்காளிகள், அவ்வளவுதான். தம்பியோ, அவற்றில் சில அசல் பறவைகளேதான், பறப்பதை விட்டுவிட்டுத் தரையில் இறங்கிய பறவைகள் என்பான். ஒரு கருத்தரங்கில் அவன் இதைப் பேசி முடித்ததும் அக்கா எழுந்து, அவன் காட்டிய படத்தில் இடது சிறகும் வலது சிறகும் இடம் மாறியிருக்கின்றன என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அரங்கமே சிரித்தது. அதன்பிறகு வெகுநாள் அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. அவன் மனைவிதான் நடுவில் நின்று இருவரையும் மறுபடி பேச வைத்தாள்.

இந்த நிலையில்தான் பல் டாக்டர் அந்தக் கல்லைக் கொண்டுவந்தார்.

அவருக்கு ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரியில் சுற்றுவது பொழுதுபோக்கு. தளத்துக்குப் பதிக்கும் பலகைக் கற்களை அங்கே பிளக்கிறார்கள். ஏதாவது தெரிந்தால் குவாரிக்காரர்கள் அவருக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அவர் கொண்டுவந்த கல்லில் ஒரு சின்ன உயிர் பக்கவாட்டில் படுத்திருந்தது. கழுத்து பின்னால் வளைந்திருந்தது. வால் நீளம். கைகளிலும் கால்களிலும் இறகுகள் மெல்லிய கோடுகளாகப் படிந்திருந்தன. பிளந்ததில் கிடைத்த எதிர்ப்பாதியும் இருந்தது. ஆனால் அதில் தோள் இருக்க வேண்டிய மூலை குவாரியிலேயே உடைந்து போயிருந்தது. எலும்புகள் இருந்த பாதியில் தோள் பக்கத்தை மருந்துத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார் டாக்டர். அந்த இடம் பலவீனமாக இருக்கிறது, நிதானமாகப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும் நோயாளிகளை நினைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்.

வழக்கம்போல அக்கா அவர் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. கல் அசல்தான். வாலின் ஒவ்வொரு முள்ளெலும்பும் கல்லுக்குள் இறங்கி வேரோடியிருந்தது. இப்படி ஒன்று தன் மேசைக்கு வரும் என்று அவள் நினைத்ததேயில்லை. கருத்தரங்கில் செய்தது அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டு, இருவரும் சேர்ந்து எழுதலாம் என்றாள். அவன் வந்து பார்த்துவிட்டு, "குருவி" என்றான். "ஓணான்" என்றாள் அவள். கல்லுக்கு அந்த இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன. ஊழியர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது அருங்காட்சியகத்தின் கூரை ஒழுகியது. பழுது பார்த்து முடியும்வரை கல் தம்பியின் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கட்டும் என்று முடிவானது. வண்டியில் ஏற்றும்போது அக்கா, "அந்தக் கட்டை நீயே பிரிச்சுக்கோ, எனக்குக் கையில வேலை குவிஞ்சு கெடக்கு" என்றாள். தம்பி ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

கொஞ்ச நாளில் அவனிடமிருந்து போன் வந்தது. கட்டைப் பிரித்துவிட்டானாம். உள்ளே தோள் எலும்பு அப்படியே இருக்கிறதாம். மார்புக்கும் தோளுக்கும் நடுவே முட்டுக்கொடுக்கிற எலும்பு ஒன்று உண்டு. சின்ன டைனோசர்களுக்கு அது குட்டையாக, தட்டையாக இருக்கும். பறவைகளுக்கு மட்டும்தான் நீண்டு தூண் மாதிரி நிற்கும். சிறகை உயர்த்தி அடிக்க அந்தத் தூண் வேண்டும். இந்தக் கல்லில் இருப்பது தூண் என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷம் சின்ன வயதில் பந்தயத்தில் ஜெயித்த அன்று கேட்ட அதே சந்தோஷம். அக்கா வாழ்த்தினாள். போனை வைத்தாள். தோற்றுப்போனது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. தம்பிக்கு எந்த எலும்பு தேவையோ அந்த எலும்பே, அவன் ஒருவன் மட்டும் இருக்கும்போது வெளியே வந்திருக்கிறது. அதுதான் உறுத்தியது.

அதன்பிறகு அவன் நடத்தையும் ஒரு மாதிரியாக ஆனது. முதல் வாரம் தினமும் பேசியவன் பிறகு போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டான். எழுத ஆரம்பிக்கலாமா என்று கேட்டால் பார்க்கலாம் என்று இழுத்தான். ஒருநாள் அவனாகவே கூப்பிட்டு, கல் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அதை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டான். ஏன் கேட்கிறாய் என்றதற்குச் சும்மாதான் என்று வைத்துவிட்டான். திருடியவன்தான் முதலில் பூட்டு சரியாக இருந்ததா என்று விசாரிப்பான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

அவன் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தபோது பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். அவள் பாவம், வெள்ளந்தி. "என்னன்னு தெரியல அண்ணி, அந்தக் கல்லு வந்ததுலேர்ந்து ஆளே சரியில்ல. ஆய்வகத்தப் பூட்டிச் சாவிய வீட்டுக்குக் கொண்டுவந்துடறார். சாப்பிடும்போதுகூடப் பாக்கெட்டுலதான் இருக்கு. உங்களப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து போயிடறார்" என்றாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்தப் பாக்கெட் சாவிதான் அவள் கண்ணில் நின்றது.

கூரை வேலை முடிந்ததும் நாளைக் கடத்தாமல் கல்லைத் திரும்பக் கேட்டாள். தம்பி தானே கொண்டுவந்து இறக்கினான். டீ குடிக்கச் சொன்னதற்கு வகுப்பு இருக்கிறது என்றான். கல்லை அவள் எப்படித் தூக்கி வைக்கிறாள் என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அறையை இருட்டாக்கிவிட்டுப் புற ஊதாக்கதிர் விளக்கைப் போட்டாள் அக்கா. பசை, சிமெண்ட் மாதிரி வெளியார் பூசிய எதுவும் அந்த விளக்கில் தனியாக ஒளிரும். வால், கால், கை எல்லாம் மங்கலாக ஒரே நிறத்தில் கிடந்தன. தோளுக்கு வந்ததும் அந்தத் தூண் எலும்பைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு பளிச்சென்று எரிந்தது. கோடு எலும்பை முழுக்கச் சுற்றிவந்து மூடிக்கொண்டது. யாரோ அந்த எலும்பை அங்கே பதித்திருக்கிறார்கள்.

அவள் விளக்கை அணைக்கவில்லை. இருட்டில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். வெளியாள் செய்திருந்தால் அன்றைக்கே துறை முழுவதற்கும் சொல்லியிருப்பாள். தம்பி என்றதும் யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. இது வெளியே வந்தால் அவன் வேலை போகும், பெயர் போகும். வெளியே வராவிட்டால் அவள் பெயரையும் சேர்த்துப் போட்டு ஒரு பொய் அச்சாகும். அவன் சின்ன வயதில் பொய் சொன்ன நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்துப் பார்க்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

எதைச் சொல்வதாக இருந்தாலும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எலும்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஊடுகதிர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அருங்காட்சியகத்தில் அந்த வசதி இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டரில் பேசி, நோயாளிகள் இல்லாத மதிய வேளையில் கல்லைக் கொண்டுபோனாள். அங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் துணியை விலக்கியதும் புன்னகைத்தாள்.

"இவரா? மறுபடியும் வந்துட்டாரா?"

"மறுபடியும்னா?"

"போன மாசம்தான் எடுத்தோமே மேடம். கண்ணாடி போட்ட ஒரு சார் கொண்டுவந்தார். அந்த வால் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. படம் வந்ததும் அவர் மூஞ்சியே மாறிப்போச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டார்." சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்குத் தான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

படம் இரண்டாம் முறையும் எடுக்கப்பட்டது. தூண் எலும்புக்குக் கீழே கல்லில் ஒரு குழி. குழி முழுக்க வேறு ஏதோ பொருள், வெள்ளையாக, கெட்டியாக. எலும்பு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தம்பிக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

அவள் கல்லை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நேராகக் கல்லூரிக்குப் போனாள். ஆய்வகத்தில் தம்பி மட்டும் இருந்தான். ஸ்கேன் படத்தை மேசைமேல் வைத்தாள். அவன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. தன் இழுப்பறையைத் திறந்து அதே மாதிரி இன்னொரு படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"கடைசில நீயே வந்துட்ட. எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான்.

"நான் வருவேன்னு தெரிஞ்சும் ஏன் இதைப் பண்ணின?"

"நான் பண்ணினேனா?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "கட்டை நீயே பிரிச்சுக்கோன்னு சொன்னது யாருக்கா? உன் வாழ்நாள்ல ஒரு கல்லை வேற யாரையாவது பிரிக்க விட்டிருக்கியா? பிரிச்சேன். உள்ள நான் ஆசைப்பட்டது அப்படியே இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் விளக்கு வெச்சுப் பாத்தேன்."

அவன் என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் வெச்சேன்னு நெனச்சியா? எதுக்கு?"

"நான் அதை நம்பி எழுதணும். நாலு பேர் முன்னாடி பேசணும். அப்ப நீ எழுந்து நின்னு, அது ஒட்டினதுன்னு சொல்லணும். போன தடவை சிறகு, இந்த தடவை தோள்."

அவன் பூட்டிய அறையும் பாக்கெட்டில் வைத்த சாவியும் எடுக்காத போனும் இப்போது அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தன. அவளுடைய அத்தனை ஆதாரமும் அப்படியே அவளுக்கு எதிரான ஆதாரமாகவும் இருந்திருக்கிறது. தான் அவனைப் பற்றி நினைத்ததை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தேவையும் இல்லை, அவன் ஏற்கெனவே புரிந்துகொண்டிருந்தான்.

இருவரும் அந்த இரண்டு படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தம்பிதான், தான் பிரித்த கட்டின் துணி எப்படி முடிச்சுப் போடப்பட்டிருந்தது என்று சொன்னான். காயத்துக்குக் கட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி, தட்டையாக, நேர்த்தியாக இருந்ததாம். அக்காவுக்கு ஒரு முடிச்சுகூட ஒழுங்காகப் போட வராது என்பது தனக்கு அப்போதே தெரியும் என்றும், கோபத்தில் அதை நினைக்கவில்லை என்றும் சொன்னான். அக்கா அந்த வெள்ளைப் பொருள் தெரிந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கல்லுக்குப் பூசுகிற எந்தப் பசையும் ஊடுகதிரில் இவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. அவளுடைய சொந்தக் கடைவாய்ப் பல்லை ஒருமுறை படம் எடுத்தபோது சொத்தையை அடைத்த இடம் இப்படித்தான் தெரிந்தது.

பல் டாக்டரின் கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் வரிசையில் காத்திருந்தார்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இந்த ஆளும் மழுப்பப் போகிறார் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். முறை வந்ததும் உள்ளே போய், தோளில் இருந்த எலும்பைப் பற்றி அக்கா கேட்டாள். டாக்டர் முகமூடியைக் கழற்றினார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா பொருந்தியிருக்கா? அது பொருந்த நான் ரொம்பச் சிரமப்பட்டேன்."

"டாக்டர், அந்த இடத்துல முதல்ல என்ன இருந்துச்சு?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்ணுமே இல்ல. பிளக்கும்போது தெறிச்சுப் போச்சு. வெறும் குழி. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. அங்கேயே அதே அடுக்குல கெடைச்ச இன்னொரு கல்லுல இதே மாதிரி ஒரு சின்ன உருப்படி, நொறுங்கிப் போய் இருந்துச்சு. அதுலேர்ந்து இந்த ஒரு எலும்பு மட்டும் நல்லா இருந்ததால எடுத்து வெச்சேன். சிமெண்ட் இறுகட்டும்னுதான் கட்டுப் போட்டேன்." அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "தப்பா? ஒரு பல்லு விழுந்தா, அக்கம்பக்கத்துப் பல்லப் பாத்து அதே மாதிரி ஒண்ணு வெக்கறதுதானே என் தொழில்? ஓட்டையோட விட்டா மனசு கேக்காது."

அக்கா தன் வழக்கப்படி அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் அன்றைக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. இப்போதும் இல்லை. அந்த மனிதரிடம் மறைக்க எதுவுமே இருந்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

நொறுங்கிய இன்னொரு கல் என்ன ஆனது என்று தம்பி கேட்டான். டாக்டர் உள்ளே போய், பஞ்சு வைத்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் உடைந்த எலும்புத் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் இன்னும் இறகுக் கோடுகள் இருந்தன. தம்பி ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. அது பறவை. வாதத்துக்கு இடமில்லாத ஆதிப் பறவை. குவாரியில் அதே அடுக்கில், அதே சேற்றில் புதைந்தது.

வெளியே வந்ததும் தெருவில் நின்றபடியே சண்டை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் இது பழைய சண்டை, இருவருக்கும் பழகியது. அசல் பறவை அப்போதே பக்கத்தில் பறந்துகொண்டிருந்தது என்றால், தரையில் ஓடிய இந்த ஓணான் பறவைக் குடும்பமாக இருக்க முடியாது, தனிக் கிளைதான் என்றாள் அக்கா. தம்பி விடவில்லை. சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருப்பதில்லையா, அதற்காகச் சித்தப்பா அந்தக் குடும்பமே இல்லை என்று ஆகிவிடுமா என்றான். பஸ்ஸுக்கு நின்றவர்கள், யாருடைய சொத்துத் தகராறோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பாதிப் பேச்சில் தம்பி நிறுத்தினான். "நீ என்னைச் சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தமில்லக்கா. நானும்தான் பட்டேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு பேருமே அந்த ஸ்கேன் பொண்ணு வரைக்கும் போனோம், வீட்டு வாசல் வரைக்கும் போகல."



அடுத்த வாரம், தம்பி பக்கத்தில் இருக்க, அக்கா அந்த எலும்பைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தாள். பல் சிமெண்ட் லேசில் விடவில்லை. டாக்டர் கைவேலைக்காரர்தான். கடைசியில் தோள் இருந்த இடத்தில் வெறும் குழி மிஞ்சியது. அதை அப்படியே விட்டார்கள். கட்டுரை வெளிவந்தபோது, தோளைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அந்த உயிர் யாருக்கு என்ன உறவு என்ற பகுதியில், ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்று இரண்டு கருத்தையும் போட்டார்கள். அச்சாவதற்கு முன்பே, இப்படி ஒரு கட்டுரையை இதுவரை பார்த்ததில்லை, ஒரே கருத்தாக மாற்ற முடியாதா என்று ஆய்விதழ் ஆசிரியர் எழுதிக் கேட்டிருந்தார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

பிஸ்கட் டப்பாவை டாக்டர் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். தோளிலிருந்து எடுத்த எலும்பும் அதற்குள்தான் போனது. அதிலிருப்பது உடைசல் என்றாலும் ஒரு புதுப் பறவை. அதை எழுதுகிறவருக்குப் பெயர் கிடைக்கும். ஒரு சாயங்காலம் அக்கா அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்து, நாத்தனாரைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டாள். அக்கா டப்பாவைத் தம்பியின் முன்னால் வைத்து, இதை அவன் மட்டும் எழுதட்டும், தன் பெயர் வேண்டாம் என்றாள்.

தம்பி டப்பாவைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"ஏன் எனக்குக் குடுக்கற?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"உனக்குப் பறவைன்னா பிடிக்கும். அதான்."

அவன் மூடியைத் திறந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா அவசரப்படுத்தவில்லை.

"அவர் குடுத்தது மட்டும்தானே இதுல இருக்கு?" என்று கேட்டான் கடைசியாக.

"அவ்வளவுதான்."

அவன் மூடியை மூடி, டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நம்பிவிட்ட மாதிரிதான் தெரிந்தது. அக்காவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து தம்பி மனைவி டீயோடு வந்தபோது இருவரும் சித்தப்பா விவகாரத்தை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.